சிப்பி நச்சு ஆய்வகம் நடத்துவது எப்படி: படகுத்துறையிலிருந்து தடை உத்தரவு வரை

கடலின் நுண்பாசியைத் தின்னும் சிப்பி, மட்டி, ஆளி ஆகியவற்றில் சேரும் நச்சைப் பார்க்கும் ஆய்வகத்துக்குப் பொறுப்பேற்கப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கருவி வாங்கலாம்?" என்பதைத்தான். என் வரிசையில் கருவி ஐந்தாவதாக வருகிறது. கருவியை முதலில் வாங்கிய ஓர் ஆய்வகத்தைப் பார்த்திருக்கிறேன். ஸ்டாண்டர்டு, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய அளவு தெரிந்த நச்சு, வந்து சேராததால் அது மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடந்தது.

சிப்பி சந்தைக்குப் போவதற்குள் உங்கள் முடிவு போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் மற்ற எல்லாம் தானாக இடம் பிடிக்கும். வேதியியல் படித்தவர்கள், பொதுவான ஆய்வகப் பழக்கம் உள்ளவர்கள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கொல்லம் முதல் குமரி வரையான கரைதான் என் மனதில் இருக்கிறது. மற்றக் கரைகளுக்கும் வரிசை இதேதான்.

1. தடை போடுகிறவர் யார் என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

ஆய்வகம் கடலை மூட முடியாது, அதாவது சிப்பி பறிக்கத் தடை போட முடியாது. மூடும் அதிகாரம் உள்ளவருக்குச் சொல்லத்தான் முடியும். ஏற்றுமதிக்குப் போகும் மட்டிக்கு ஏற்றுமதி ஆய்வுக் கவுன்சில், உள்ளூர்ச் சந்தைக்கு மாநில உணவுப் பாதுகாப்புத் துறை, கரையில் பொறுக்குகிறவர்களிடம் பேச மீன்வளத் துறை என்று கதவுகள் பல. எந்த முடிவுக்கு எந்தக் கதவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெயர், கைபேசி எண், அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் எண், ஞாயிற்றுக்கிழமைக்கு யார் என்பது வரை அதில் இருக்க வேண்டும்.

பலர் ஏற்றுமதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு 7 பேர் இறந்தார்கள். சாப்பிட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள்.

அடுத்து, பறிப்பு எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று கேளுங்கள். விடியற்காலை என்றால் தடைச் செய்தி முந்தைய மாலைக்குள் கரைக்கு வர வேண்டும். அப்படியானால் உங்கள் முடிவு பிற்பகலுக்குள் தயாராக வேண்டும், மாதிரி அதற்கு முந்தைய நாளே கையில் இருக்க வேண்டும். இந்த நேரக் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். பின்னால் ஆள் எண்ணிக்கையும் கருவியும் இதிலிருந்துதான் வரும்.

2. வரம்புகளையும் அலகுகளையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத்தில் ஒரு கிலோ சதைக்கு உள்ள வரம்புகள் இவை. உடலை முடக்கும் வாத நச்சான சாக்ஸிடாக்ஸின் வகைக்கு 0.8 மில்லிகிராம். பேதி நச்சான ஒகடாயிக் அமில வகைக்கு 0.16 மில்லிகிராம். அசாஸ்பிராசிட் என்ற இன்னொரு நச்சு வகைக்கும் அதே 0.16. மறதி நச்சான டோமோயிக் அமிலத்துக்கு 20 மில்லிகிராம். நரம்பு நச்சான பிரெவிடாக்ஸினுக்கு 200 எலி அலகு (எலிக்கு ஊசி போட்டு அளக்கும் அலகு). ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்புகிறவர்கள் யெஸ்ஸோடாக்ஸின் என்ற நச்சுக்கு 3.75 மில்லிகிராம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே முன்பு அது 1 ஆக இருந்தது, 2013-இல் உயர்த்தினார்கள். பழைய அச்சுப் பிரதி வைத்திருப்பவர்கள் கிழித்துப் போடலாம்.

எண்களை மனப்பாடம் செய்வது எளிது. தவறு அலகில்தான் நடக்கிறது. 100 கிராமுக்கு 80 மைக்ரோகிராம், கிலோவுக்கு 800 மைக்ரோகிராம், கிலோவுக்கு 0.8 மில்லிகிராம் மூன்றும் ஒன்றே. ஒரே அறிக்கையில் மூன்றும் கலந்து வந்தால் யாராவது ஒருவர் பத்து மடங்கு பிசகுவார்.

அதைவிட நுணுக்கமான குழி ஒன்று உண்டு. சாக்ஸிடாக்ஸின் வரம்பை டைஹைட்ரோகுளோரைடு உப்பின் எடையாகக் கணக்கிடுகிறார்கள். உப்பின் மூலக்கூறு எடை 372.2, உப்பற்ற வடிவத்தின் எடை 299.3. உப்பற்ற எடையில் கணக்கிட்டால் 800 என்று வர வேண்டியது 643 என்று வரும். கணினித் தாளில் ஒருவர் தவறான எண்ணைப் போட்டு, அடுத்தவர்கள் அதையே நகலெடுத்துக்கொண்டே போவது எங்கும் நடக்கிறது. சான்றளித்த ஸ்டாண்டர்டு குப்பியில் மைக்ரோமோல் அலகு இருந்தால் எதால் பெருக்குகிறீர்கள் என்பதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

ஒரு நச்சு சாக்ஸிடாக்ஸினைப்போல் எத்தனை மடங்கு வீரியமானது என்று சொல்லும் நச்சு எடைக் காரணியையும் அப்படியே குறிப்பிட வேண்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த நியோசாக்ஸிடாக்ஸினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் தந்த காரணி 1. உலக உணவு வேளாண் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2016-இல் தந்தது 2. சாக்ஸிடாக்ஸின் 300, நியோசாக்ஸிடாக்ஸின் 300 மைக்ரோகிராம் உள்ள சிப்பி முதல் அட்டவணையில் 600, அதாவது தேறிவிடும். இரண்டாவதில் 900, கடலை மூட வேண்டும். எந்த அட்டவணை என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடாமல், தடை போடுகிறவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

3. உங்கள் கடலில் எந்த நச்சு வருகிறது என்று பாருங்கள்

வாத நச்சு என்பது ஒரே பொருள் அல்ல, ஒரு பெரிய குடும்பம். எந்த உறுப்பினர் அதிகம் என்பது நச்சைத் தரும் நுண்பாசியைப் பொறுத்தது. ஜிம்னோடினியம் கேட்டனேட்டம் என்ற பாசி வந்தால் 'சி' வகை நச்சுகள் மேலோங்கும். அலெக்சாண்ட்ரியம் வந்தால் வேறு கலவை.

இதைத் தெரிந்துகொள்ளாமல் விரைவுச் சோதனைப் பட்டையை வாங்குவது ஆபத்து. பட்டையில் உள்ள எதிர்ப்பொருள் சாக்ஸிடாக்ஸினை நன்றாகப் பிடிக்கும், நியோசாக்ஸிடாக்ஸின் போன்றவற்றைச் சரியாகப் பிடிக்காது. கடலில் பிந்தையது அதிகம் இருந்தால் பட்டை "இல்லை" என்று சொல்லும், சிப்பியில் நச்சு இருக்கும்.

ஆகவே, முடிந்தால் ஒரு முழு ஆண்டாவது வாரந்தோறும் கடல்நீர் எடுத்து நுண்ணோக்கியில் எண்ணிப் பாருங்கள். பேதி நச்சைத் தரும் டைனோஃபைசிஸ் பாசி லிட்டருக்குச் சில நூறு செல்கள் இருந்தாலே சிப்பியில் நச்சு ஏறிவிடலாம். நீரின் நிறம் மாறாது, மீனவர் கண்ணுக்கும் தெரியாது. "கடல் சிவக்கவில்லையே" என்று ஆறுதல் சொல்பவரை நம்ப வேண்டாம். அதேபோல், நீரில் செல் இல்லை என்பதற்காகச் சதைச் சோதனையை நிறுத்தவும் கூடாது. பாசி போன பிறகும் நச்சு சிப்பிக்குள் வாரக்கணக்கில் தங்கும்.

4. ஸ்டாண்டர்டுகளுக்கு இப்போதே எழுதுங்கள்

சாக்ஸிடாக்ஸின், இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆமணக்கு விதையின் நச்சான ரிசினும் அதே பட்டியலில்தான். நீங்கள் கேட்பது மைக்ரோகிராம் கணக்கில் ஒரு குப்பி என்றாலும் நாடு விட்டு நாடு வர அறிவிப்பு, அனுமதி, சுங்கம் என்று கடிதப் போக்குவரத்து நடக்கும். கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும்போதே விண்ணப்பம் போய்விட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சான்றளித்த நச்சுக் கரைசல்களும் நச்சேறிய சிப்பி விழுதும் பெரும்பாலும் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலிருந்து வருகின்றன. கரைசலை மட்டும் வாங்கி விழுதை விட்டுவிடாதீர்கள். கரைசல் கருவியைச் சோதிக்கும். நீங்கள் அரைத்ததும் பிரித்தெடுத்ததும் சரியா என்பதைச் சான்றளித்த விழுதுதான் சொல்லும். நச்சே இல்லாத விழுதும் ஒன்று தேவை.

5. இப்போது முறை, பிறகு கருவி

எலிக்கு ஊசி போட்டுப் பார்க்கும் பழைய முறைக்கு வாத நச்சில் கண்டறியும் எல்லை 100 கிராமுக்குச் சுமார் 40 மைக்ரோகிராம், அதாவது வரம்பில் பாதி. அதற்குக் கீழே நச்சு ஏறிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. கொழுப்பில் கரையும் நச்சுகளின் வழக்கமான சோதனைக்கு ஐரோப்பாவில் 2014 முடிவோடு எலி முறை போய்விட்டது. புதிதாகத் தொடங்குகிறவர் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை.

வாத நச்சுக்கு ஆக்சிஜனேற்றம் செய்து ஒளிர்வைப் பார்க்கும் எச்.பி.எல்.சி. (திரவத்தில் பொருள்களைப் பிரித்துக் காட்டும் கருவி) முறை, பேதி நச்சுக்கும் அசாஸ்பிராசிட்டுக்கும் எல்.சி.-எம்.எஸ். (பிரித்தபின் மூலக்கூறு எடையை வைத்து அடையாளம் காணும் கருவி), டோமோயிக் அமிலத்துக்குப் புறஊதாக் கண்டறிவான் உள்ள எச்.பி.எல்.சி. ஆகியவை போதும். பணம் ஒரு கருவிக்கு மட்டும்தான் என்றால், மூன்றாவது படியில் கண்ட நச்சு எதுவோ அதற்கு வாங்குங்கள். உயிரை எடுப்பது பெரும்பாலும் வாத நச்சு என்பதால் சந்தேகம் வந்தால் என் வாக்கு அதற்கே.

மின்வெட்டுக்குத் தாங்கும் மின்கலம், நைட்ரஜன், உள்ளூரிலேயே பழுது பார்க்கும் ஆள் என்று மூன்றையும் விலைப் பேச்சிலேயே முடித்துவிடுங்கள். நச்சுப் பருவத்தின் நடுவில் பம்பு நின்றால், பொறியாளர் வரும்வரை கடல் காத்திருக்காது.

6. ஆட்களை நெருக்கடி வாரத்துக்குத் தகுந்தாற்போல் எடுங்கள்

சாதாரண வாரத்தில் பத்து மாதிரி வரும் என்பதை வைத்து ஆள் எடுக்கக் கூடாது. நச்சு ஏறும் வாரத்தில் எல்லா இடத்திலிருந்தும் மாதிரி வரும், சிலவற்றை மறுபடியும் பார்க்க வேண்டும், தொலைபேசி ஓயாது. ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இரண்டு பேருக்குக் கை பழகியிருக்க வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனால் ஆய்வகமே ஊருக்குப் போய்விடக் கூடாது.

புதியவரை நேராகக் கருவியில் உட்கார வைக்காதீர்கள். ஒரு மாதம் சிப்பி உடைக்கட்டும், அரைக்கட்டும். ஒரே விழுதிலிருந்து ஆறு முறை எடுத்து ஆறும் ஒத்து வந்தபின் பிரித்தெடுத்தலுக்குப் போகலாம். கருவியில் வரும் பிழைகளில் பாதி மிக்ஸியில் பிறந்தவை என்பது அவருக்கு அப்போது புரியும்.

7. மாதிரியை வாசலிலேயே சோதியுங்கள்

ஒருமுறை படகுக்காரர் ஒருவர் பை நிறைய சிப்பியோடு வந்து, "சார், உங்களுக்காகப் பெருசா பாத்துப் பொறுக்கிட்டு வந்திருக்கேன்" என்றார். அன்பாகச் செய்ததுதான், ஆனால் அந்த மாதிரி பயன்படாது. சந்தைக்குப் போவது சிறிதும் பெரிதும் கலந்தது என்றால் மாதிரியும் அப்படியே இருக்க வேண்டும். ஒரே கயிற்றில், ஒரே பாறையில் மட்டும் எடுத்ததும் கூடாது. தனித்தனிச் சிப்பிகளிடையே நச்சின் அளவு வெகுவாக மாறும்.

எத்தனை தேவை? சதை மட்டும் 100 முதல் 150 கிராம் வர வேண்டும், குறைந்தது பத்து உயிரியாவது இருக்க வேண்டும். சிறிய மட்டி என்றால் ஐம்பதுக்கு மேல் போகும்.

உயிரோடு, ஈரத்துணி சுற்றி, குளிர்பெட்டியில் வர வேண்டும். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. ஐஸ் உருகி நன்னீரில் ஊறினால் சிப்பி செத்து வாய் திறக்கும், நீரில் கரையும் வாத நச்சு வடிந்து போய்விடும். உறைந்த மாதிரியை வேறு வழியின்றி ஏற்றால், உருகி வரும் நீரையும் சேர்த்தே அரைக்க வேண்டும்.

கொல்லத்தின் அஷ்டமுடி ஏரிப் பக்கம் மட்டியை அவித்துச் சதை பிரிப்பது வழக்கம். அவித்த சதையைக் கொண்டுவந்தால் அதைப் படிவத்தில் குறியுங்கள், பச்சை மாதிரியோடு ஒப்பிடாதீர்கள். வேகவைத்தால் நச்சு அழியாது. சதையிலிருந்து நீர் வெளியேறுவதால் கொழுப்பில் கரையும் நச்சு கிராமுக்கு அதிகமாகவே காட்டும்.

பறித்த இடம், நாள், நேரம், பறித்தவர் இந்த நான்கும் இல்லாத பையைத் திருப்பி அனுப்புங்கள். முதல் மாதம் சண்டை வரும், இரண்டாம் மாதம் பழகிவிடும். இடம் தெரியாத நச்சை வைத்துக்கொண்டு எந்தக் கடலை மூடுவீர்கள்?

8. உடைத்து, வடித்து, அரைப்பது

சிப்பி ஓட்டின் வெளிப்பக்கத்தைக் கழுவுங்கள். கத்தியை உள்ளே விட்டு மூடுதசையை அறுத்துத் திறங்கள். சூடாக்கித் திறக்கக் கூடாது. சதையைக் குத்திக் கிழிக்கவும் கூடாது, கல்லீரல் போன்ற செரிமானச் சுரப்பி உடைந்தால் நச்சு அங்கேயே ஒழுகிவிடும். மணல் போக உள்ளே நன்னீர் விட்டு அலசி, சதையைச் சல்லடையில் பரப்பி 5 நிமிடம் வடியவிடுங்கள்.

ஐந்து நிமிடம் என்றால் ஐந்துதான். கடிகாரம் வையுங்கள். அதிக நேரம் வடிந்தால் நீர் குறைந்து கிலோவுக்கான கணக்கு ஏறும், குறைவாக வடிந்தால் இறங்கும். இரண்டு பேர் இரண்டு விதமாக வடித்ததால் ஒரே மாதிரிக்கு இரண்டு முடிவு வந்து, காரணம் தேடி நாங்கள் கருவியைக் கழற்றிப் போட்ட கதை ஒன்று உண்டு.

பிறகு எல்லாவற்றையும் மொத்தமாக அரையுங்கள். நச்சின் பெரும்பகுதி அந்தச் சின்னச் சுரப்பியில் இருக்கிறது. அது சட்டினிபோல் முழுவதும் பரவாவிட்டால் நீங்கள் எடுக்கும் 2 கிராமில் சுரப்பி விழுந்ததா விழவில்லையா என்பதே முடிவாகிவிடும். மிக்ஸியின் ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு மறுபடியும் ஓட்டுங்கள். பாதி விழுதை உடனே உறைபெட்டிக்கு அனுப்புங்கள், தகராறு வந்தால் அதுதான் சாட்சி. அடுத்த மாதிரிக்கு முன் மிக்ஸியைப் பிரித்துக் கழுவுங்கள்.

மிச்ச விழுதை வெளியே வீசாதீர்கள். கடலோர ஆய்வகம் எதற்கும் வாசலில் இரண்டு பூனை இல்லாமல் இருக்காது.

9. பிரித்தெடுத்தல்: காரமும் சூடும் கவனம்

வாத நச்சு அமிலத்தில் நிலைக்கும், காரத்தில் சிதையும். எலிச் சோதனைக்காக வந்த பழைய செய்முறையில் விழுதோடு அதே அளவு 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, பி.எச். 2-க்கும் 4-க்கும் நடுவே வைத்து, 5 நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடுகிறார்கள். பி.எச். சரிசெய்யக் காரம் விடும்போது சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால், ஊற்றிய இடத்தில் காரம் ஏறி நச்சு அழிந்துவிடும். கடைசியில் பி.எச். சரியாகத்தான் காட்டும், நச்சு மட்டும் குறைவாக இருக்கும்.

அமிலம் அதிகமானாலும் சிக்கல்தான். வீரியம் குறைந்த 'சி' நச்சுகள் உடைந்து வீரியம் கூடியவையாக மாறும், முடிவு மேலே போகும். ஒளிர்வு முறையில் 1 சதவீத அசிட்டிக் அமிலம் பயன்படுத்துவதால் இந்த மாற்றம் குறைவு.

பேதி நச்சுக்கு 2 கிராம் விழுதை 9 மில்லி மெத்தனாலில் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி, மீண்டும் ஒருமுறை அதேபோல் செய்து, மொத்தம் 20 மில்லியாக்குகிறோம். 1 மில்லியில் 0.1 கிராம் சதை. எனவே கிலோவுக்கு 160 மைக்ரோகிராம் என்ற வரம்பு, கருவியில் மில்லிக்கு 16 நானோகிராமாகத் தெரியும். உங்கள் அளவுகோட்டின் (அளவு தெரிந்த ஸ்டாண்டர்டுகளை ஓட்டி வரையும் ஒப்பீட்டுக் கோடு) நடுப்பகுதி இந்த எண்ணுக்கு அருகே இருக்கட்டும்.

ஒகடாயிக் அமிலத்தின் ஒரு பகுதி கொழுப்போடு எஸ்டராகக் கட்டுண்டு ஒளிந்திருக்கும். மனிதர் வயிற்றில் அது விடுபடும் என்பதால் அதையும் எண்ண வேண்டும். 1 மில்லி சாற்றில் 125 மைக்ரோலிட்டர் 2.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 76 டிகிரியில் 40 நிமிடம் வைத்து, ஆறியபின் அதே அளவு அமிலத்தால் நடுநிலையாக்குங்கள். இங்கே இரண்டு தவறு தொடர்ந்து நடக்கிறது. 1 மில்லி இப்போது 1.25 மில்லி ஆகிவிட்டது, 1.25-ஆல் பெருக்க மறந்துவிடுகிறார்கள். சூட்டில் மூடி வழியே ஆவி போனதையும் பார்ப்பதில்லை. குப்பியைச் சூடாக்கும் முன்னும் பின்னும் எடை போட்டால் போதும். காரம் சேர்க்காத சாற்றையும் தனியே ஓட்ட வேண்டும், எல்லா நச்சும் இந்தக் காரத்தையும் சூட்டையும் தாங்குவதில்லை.

10. ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கு காவலர்

நச்சே இல்லாத வெற்றுச் சாறு, நாமே தெரிந்த அளவு நச்சு சேர்த்த விழுது, சான்றளித்த விழுது, ஒரு மாதிரியின் இரட்டை ஆகிய நான்கும் இல்லாத ஓட்டத்தை நான் ஏற்பதில்லை. சான்றளித்த விழுதின் முடிவைத் தினமும் வரைபடத்தில் குறியுங்கள். இரண்டு திட்டவிலக்கம் தாண்டினால் எச்சரிக்கை, மூன்று தாண்டினால் அன்றைய முடிவு எதுவும் வெளியே போகாது.

அதிக நச்சுள்ள மாதிரிக்குப் பின் வெற்றுச் சாறு ஒன்று ஓட்டுங்கள். முந்தையதன் மிச்சம் அடுத்ததில் ஒட்டி, நல்ல சிப்பிக்குக் கெட்ட பெயர் வாங்கித்தரும். ஒளிர்வு முறையில் ஆக்சிஜனேற்றம் செய்யாத சாற்றையும் ஓட்டிப் பாருங்கள். சிப்பியில் இயற்கையாகவே ஒளிரும் பொருள்கள் உண்டு. டோமோயிக் அமிலத்துக்குப் பக்கத்திலேயே டிரிப்டோஃபேன் வெளியேறும், இரண்டும் பிரியவில்லை என்றால் நச்சே இல்லாத இடத்தில் நச்சு இருப்பதாகத் தோன்றும். எல்.சி.-எம்.எஸ்.ஸில் சதைச் சாறு, கருவி காட்டும் அளவைக் குறைத்துவிடும். ஆகவே அளவுகோட்டை வெறும் மெத்தனாலில் போடாமல் நச்சற்ற சிப்பிச் சாற்றில் போடுங்கள்.

அமைதியான மாதங்களில்தான் கவனம் சிதறும். தொடர்ந்து அறுபது மாதிரியில் ஒன்றுமில்லை என்றால் அறுபத்தொன்றாவதையும் கண் அப்படியே படிக்கும். மாதம் ஒருமுறை யாருக்கும் சொல்லாமல் நச்சுள்ள விழுதைச் சாதாரண எண் போட்டு உள்ளே விடுவேன். ஒருமுறை எங்கள் மூத்த ஆய்வாளரே அதைத் தவறவிட்டார். திட்டவில்லை, இப்படி விழுதை ரகசியமாக உள்ளே விடும் பொறுப்பில் அவரையே அடுத்த ஆறு மாதம் வைத்தேன்.

11. எல்லைக்கோட்டு முடிவு, பிறகு தொலைபேசி

வரம்பு 800, உங்கள் முடிவு 780. என்ன சொல்வீர்கள்? அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் படகு உரிமையாளர் பக்கத்தில் நின்று யோசனை சொல்வார். அளவீட்டு ஐயத்தை எப்படிச் சேர்த்து முடிவெடுப்பது என்ற விதியை முன்பே எழுதித் துறையோடு கையொப்பமிட்டு வையுங்கள். ஆய்வகங்களுக்கான தரநிலையான ஐ.எஸ்.ஓ. 17025-இன் 2017 பதிப்பும் இதைக் கேட்கிறது, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். தணிக்கையாளரும் கேட்பார். வரம்பில் பாதி தாண்டியதுமே வாரம் ஒருமுறை என்பதை இருமுறையாக்குவது எங்கள் வழக்கம். நச்சு ஏறும் வேகம் ஓர் எண்ணில் தெரியாது.

வரம்பு தாண்டினால் முதலில் தொலைபேசி, பிறகு மின்னஞ்சல், கடைசியில் கையொப்பமிட்ட அறிக்கை. முத்திரைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அடுத்த கூடை சந்தைக்குப் போய்விடும். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று பதிவேட்டில் எழுதுங்கள். உதடு மரத்துப்போய் யாராவது மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்களா என்றும் அதே அழைப்பில் கேளுங்கள். வாத நச்சு அரை மணியிலேயே காட்டிக்கொடுக்கும்.

12. மீண்டும் திறப்பதற்கு அவசரப்படாதீர்கள்

தடை போட்ட மூன்றாம் நாளே கேட்கத் தொடங்குவார்கள். அவர்களுடைய பிழைப்பு அது, கோபப்படக் கூடாது. ஐரோப்பிய விதி, குறைந்தது 48 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகள் தொடர்ந்து வரம்புக்குக் கீழே வர வேண்டும் என்கிறது. உள்ளூர்ச் சந்தைக்கும் அதையே பின்பற்றுங்கள்.

இரண்டு மாதிரியும் தடைக்குக் காரணமான அதே இடத்திலிருந்து, அதே இனத்திலிருந்து வர வேண்டும். ஓர் இனத்திலிருந்து நச்சு சீக்கிரம் வெளியேறிவிடும், பக்கத்திலேயே உள்ள வேறோர் இனம் தெளிய இன்னும் நாளாகலாம். ஒன்றின் முடிவை வைத்து மற்றதைத் திறந்துவிடாதீர்கள். முதல் மாதிரி கீழே வந்ததும் செய்தி கரைக்குக் கசியும், அன்றிரவே சிலர் இறங்கிவிடுவார்கள். அதனால் இரண்டாவது வரும்வரை முதல் முடிவை ஆய்வகத்துக்கும் துறை அதிகாரிக்கும் இடையிலேயே வைத்துக்கொள்கிறோம்.